ஜாமில் ஏறும் முள், ஓடினால் இறங்கும் முள்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 1999 மாடல் கொரோலா, 5ஏ எஞ்சின். யாங்கோன் லேடான் சந்திப்பு ஜாமில் ஏசியோடு பத்து நிமிடம் நின்றால் சூட்டு முள் நடுவைத் தாண்டி மேலே போகிறது, அங்கிருந்து கிளம்பி பியே ரோட்டில் இன்யா ஏரியைத் தாண்டுவதற்குள் தானாகவே இறங்கிவிடுகிறது. வொர்க்‌ஷாப்பில் காட்டினீர்கள், அங்கே சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்கிறார். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம், கேஸ்கெட் அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு. திஞ்சான் லீவில், அதாவது பர்மியத் தண்ணீர்த் திருவிழா லீவில், நம்முடைய சித்திரைப் புத்தாண்டும் அந்த நாட்களில்தானே வருகிறது, குடும்பத்தோடு மண்டலேயில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஹெட்டில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டிக்குக் காற்று போதவில்லை. ஹெட் கேஸ்கெட் என்று சொல்ல அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எஞ்சினின் சூட்டை வெளியே தள்ளுவது இரண்டு பேர்: உள்ளே சுற்றுகிற தண்ணீர், ரேடியேட்டர் வழியாக வீசுகிற காற்று. வண்டி ஓடும்போது காற்று சும்மாவே கிடைக்கும், முன்பக்கத்தில் வந்து அடிக்கும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால், தண்ணீர் பக்கம் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, ஃபேன் பக்கம்தான் குறை என்று வண்டியே சொல்லிவிட்டது. கேஸ்கெட் போன வண்டி இப்படி ஆளைப் பார்த்து நடந்துகொள்ளாது, ஓட ஓட அதிகமாகச் சுடும், மேடு ஏறினால் இன்னும் சுடும், தண்ணீரும் குடிக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2011 செப்டம்பரில் பழைய வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி பெர்மிட் என்று திட்டம் வந்த பிறகு ஜப்பானிலிருந்து வண்டிகள் வந்து குவிந்தன அல்லவா, அந்த அலையில் நானும் உங்களுடையதைப் போலவே ஒரு கொரோலா வாங்கி டாக்சி ஓட்டினேன். இரண்டாவது வெயில் காலத்தில் இதே தொல்லை, இதே அடையாளம். ஒரு வொர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றினார்கள், மட்டம் பிடிக்கக் கொடுத்தார்கள், புது கேஸ்கெட் போட்டார்கள், பதினோரு நாள் வண்டி படுத்துக் கிடந்தது, டாக்சிக்காரனுக்குப் பதினோரு நாள் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்து வந்த மறுநாள் மத்தியானம் மியெனிகோன் ஜாமில் முள் அதே இடத்துக்கு ஏறியது. கடைசியில் பார்த்தால் ஃபேன் மோட்டாரின் கரி பிரஷ் தேய்ந்து அரை அங்குலத்துக்கும் கீழே போயிருந்தது. ஃபேன் சுற்றத்தான் செய்தது, கண்ணால் பார்த்தால் நன்றாகச் சுற்றுவது போலவே இருந்தது, ஆனால் வேகம் இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் காகிதச் சோதனை செய்யச் சொல்கிறேன்.

அதை எப்படிச் செய்வது? நிழலான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள், ஐடிலில் ஓடட்டும், பானெட்டைத் திறந்துவையுங்கள். ஏசி போடாமலே விட்டால் முள் நடுவுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகப் பிடிக்க வேண்டும், தண்ணீர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டுகிற நேரம் அது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அப்புறம் ஏசி போடுங்கள், உடனே ஃபேன் ஓட வேண்டும், சில வண்டிகளில் இரண்டு ஃபேன் இருக்கும், இரண்டும் ஓட வேண்டும். இப்போது பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, முன்பக்கம் கிரில்லுக்குள், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற ஏசி கண்டென்சர் மேல் வைத்துக் கையை எடுங்கள். தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் ஃபேனுக்கு இழுவை இல்லை. தாள் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்தால் யாரோ மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது, இதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் ஒட்டி இன்னொரு இடத்தில் விழுந்தால், விழுகிற இடத்தில் அடைப்பு. ஃபேன் எந்த நேரத்திலும் திடீரென்று பிடிக்கும், கழுத்தில் துண்டு, தொங்குகிற லோஞ்சி (கைலி) நுனி, எதுவும் பக்கத்தில் போகக்கூடாது, குழந்தைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.

ஃபேன் பிடிக்கவே இல்லை என்றால் பதற வேண்டாம், வழி இருக்கிறது. தொண்ணூறுகளின் டொயோட்டாக்களில் பெரும்பாலும் சூடு பார்க்கிற சின்ன சுவிட்ச் ஒன்று தண்ணீர்ப் பாதையில் திருகியிருக்கும், குளிரில் மூடியிருந்து சூட்டில் திறக்கிற வகை. சாவியை ஆன் செய்து அதன் கனெக்டரைக் கழற்றினால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார், ரிலே, ஃப்யூஸ் மூன்றும் நல்லது, சுவிட்ச்தான் போனது, விலை குறைந்த சாமான். ஓடவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள், பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதற்கும் ஓடாவிட்டால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுங்கள். நேராகக் கொடுத்தும் மந்தமாகச் சுற்றினால் பிரஷ்ஷோ பேரிங்கோ. கிழட்டு மோட்டார் குளிரில் நன்றாகச் சுற்றிவிட்டு, சூடேறிய பிறகு சோர்ந்துபோவதும் உண்டு, அதனால் இருபது நிமிடம் ஓடவிட்டு மறுபடி தாளை வையுங்கள்.

ஃபேன் நன்றாக இருந்தும் தாள் ஒட்டவில்லையா? அப்படியானால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைப் பாருங்கள். இது மேலிருந்து பார்த்தால் தெரியாது. ரேடியேட்டரின் மேல் பிராக்கெட் இரண்டையும் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். போன வருடம் ஒருவர் வண்டியில் அப்படிப் பார்த்தபோது உள்ளே கம்பளி விரித்தது போல ஒரு படலம்: இலவம்பஞ்சு, ரோட்டுத் தூசி, மழைக்கால ஈசலின் சிறகு, எல்லாம் சேர்ந்து நெய்தது போல இறுகியிருந்தது, ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன், முழம் நீளத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. யாங்கோனில் இலவம்பஞ்சு பறக்கிற மாதங்களும் வெயில் உச்சிக்குப் போகிற மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன, அதனால் திஞ்சானுக்கு முன்னால் ஒரு தடவை இதைச் சுத்தம் செய்வது நல்லது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும், சாதாரணத் தோட்டக் குழாய் போதும். வண்டி கழுவுகிற இடத்தில் துப்பாக்கி மாதிரி அடிக்கிற பிரஷர் பம்பை ரேடியேட்டர் பக்கம் விடாதீர்கள், அலுமினிய இதழ்கள் மடிந்து படுத்துவிடும், அடைப்பை எடுக்கப் போய் நாமே அடைத்தது போல ஆகும்.

இன்னொன்று, ஃபேனைச் சுற்றி பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும். கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் அதை உடைத்து எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் எதிரில் இருக்கிற வட்டத்துக்கு மட்டும்தான் காற்று இழுக்கும், மூலைகள் எல்லாம் சும்மா கிடக்கும். பழைய ஜப்பான் சாமான் கடையில் கூட்டோடு சேர்த்த ஃபேன் செட்டாகவே கேளுங்கள்.

இனி தண்ணீர்ப் பக்கம். உங்களுக்கு அங்கே பெரிய குறை இருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் மண்டலே வரை போகிற வண்டி, பார்த்துவிட வேண்டும். காலையில், எஞ்சின் கையில் தொட்டால் சில்லென்று இருக்கிற நேரத்தில், ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது ஒருநாளும் கூடாது, அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் முகத்தில் பீறிடும், அந்த மாதிரி வெந்தவர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். நிறம் பாருங்கள். துரு நிறத்தில் கலங்கலாக இருந்தால் யாரோ குழாய்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார்கள். நம் வீட்டு வாளியில் பிடித்துவைத்தால் மறுநாள் செங்காவி படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் ஊசித் துளைகளிலும் படியும். இங்கே பனி உறைவதில்லை, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. துருப்பிடிக்காமல், அலுமினிய ஹெட் அரிக்காமல், வாட்டர் பம்பின் சீல் காயாமல் வைப்பது இன்னொரு வேலை, நமக்கு அதுதான் முக்கியம். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் ஏறக்குறைய 107 டிகிரிக்குப் போகும். கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பேட்டரிக் கடையில் கிடைக்கும், ஆனால் ஆசிட் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் குடிதண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். சிவப்புக் கூலன்ட்டையும் பச்சைக் கூலன்ட்டையும் கலக்காதீர்கள், மாற்றுவதானால் முழுக்க வடித்துவிட்டு மாற்றுங்கள். வடித்ததைத் தரையில் விடாதீர்கள், இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும், குழந்தைக்கும் விஷம்.

மூடியை எல்லோரும் வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அது அழுத்தம் பிடிக்கிற வால்வு. உங்கள் மாதிரி வண்டி மூடியின் தலையில் 0.9 என்று அடித்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிப் பக்கம்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் நூறிலேயே கொதித்து, ரிசர்வ் டப்பா வழியாக வெளியே போய்விடும், அப்புறம் "எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது" என்று தேட ஆரம்பிப்போம். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதே எண் உள்ளதாகப் பார்த்து. எண் கூடின மூடி போட்டால் இன்னும் நல்லது என்று ஒருவர் சொல்வார், பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அதைத் தாங்காது.

தெர்மோஸ்டாட்டை, அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுகிற வால்வை, கழற்றி எறிகிற பழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. "நம் ஊர் சூட்டுக்கு அது வேண்டாம்" என்று எத்தனையோ சயாமார் சொல்கிறார்கள், நல்ல கைக்காரர்களே சொல்கிறார்கள். ஆனால் பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும், சூடானதும் அது குறுக்கு வழியை மூடி எல்லாத் தண்ணீரையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். கழற்றிவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குள் திரும்பும். காலையில் எஞ்சின் சூடேற நேரமாகும், அதுவரை பெட்ரோலும் அதிகம் குடிக்கும், மத்தியானம் வேகத்தில் போனால் அதே எஞ்சின் சுடவும் செய்யும். சந்தேகம் இருந்தால் கழற்றி அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக்கூடாது. 82 என்று எண் போட்டிருந்தால் 80லிருந்து 84க்குள் திறக்க ஆரம்பித்து, 95 ஆகும்போது எட்டு மில்லிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டியில் ஏற்கனவே கழற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள், கைமாறி வந்த வண்டி என்றால் அதற்கு நிறைய வாய்ப்பு.

சரி, ஹெட் கேஸ்கெட் பயம் உங்களுக்கு இன்னும் போயிருக்காது, அதையும் கழற்றாமலே பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கட்டும். தண்ணீரில் சோடா போல நிற்காமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒன்றிரண்டு குமிழ் வந்து நின்றால் அது உள்ளே மாட்டிய காற்று. மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகினால் அதுவும் கெட்ட அறிகுறி. ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் பசை இருக்கிறதா பாருங்கள், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், மழைக்காலத்தில் பக்கத்து மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் வெறும் ஈரத்தால்கூட அப்படி வரும், டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் இருந்தால்தான் கவலை. இதற்கென்றே நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு குழாய்க் கருவி இருக்கிறது, ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால் எஞ்சின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். உங்கள் சயாவிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், "சயா, கழற்றுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமா" என்று. நல்ல கைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பயணத்துக்கு வருகிறேன். இந்த வேலைகளை இந்த வாரமே முடியுங்கள். திஞ்சான் நெருங்கினால் வொர்க்‌ஷாப் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், சாமான் கடைகளும் சாத்திவிடும், வழியில் ஏதாவது ஆனால் பாதைக்கடையில் கிடைப்பதுதான். யாங்கோனிலிருந்து மண்டலே எக்ஸ்பிரஸ் ரோடு 366 மைல், சூட்டைவிட அங்கே எனக்கு டயர்தான் பயம். அது சிமென்ட் ரோடு, ஏப்ரல் வெயிலில் தகிக்கும், வேகம் வேறு, காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து தானே சூடாகி வெடிக்கிறது. காற்று கூடியதால் வெடித்தது என்று நினைத்துக்கொண்டு சூட்டில் காற்றை இறக்குகிறார்கள், அது இன்னும் ஆபத்து. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காற்று அடியுங்கள், ஐந்து பேரும் சாமானும் என்றால் அதே ஸ்டிக்கரில் பாரத்துக்குத் தனி அளவு இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2315 என்றால் 2015ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. ஜப்பான் செகண்ட் டயர் பூ எல்லாம் புதிது போலவே இருக்கும், எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். ஆறு வருடம் தாண்டியதை நான் இந்த ரோட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதிக்காதீர்கள், சட்டமும் அதுதான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் 115 மைல் என்கிற ஓய்விடத்தில் டீ குடிக்கும்போதுதான் வெயில் ஏற ஆரம்பிக்கும்.

வழியில் முள் ஏறினால் முதலில் ஏசியை அணையுங்கள், கண்ணாடியை இறக்கி ஹீட்டரை முழுதும் திறந்துவிடுங்கள். உள்ளே அனலாக இருக்கும், பிள்ளைகள் அழுவார்கள், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். சில வண்டிகளில் ஹீட்டர் பைப்பை வளைத்துக் கட்டிவிட்டிருப்பார்கள், இப்போதே பார்த்து வையுங்கள். அதற்கும் இறங்காமல் சிவப்பைத் தொட்டால் இன்னும் ஒரு மைல் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள், அந்த ஒரு மைலில்தான் நல்ல ஹெட் கோணுகிறது. பிள்ளைகளை ரோட்டிலிருந்து தள்ளி நிழலில் உட்கார வைத்து அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். பிறகு ஈரத் துண்டை மடித்து மூடிமேல் வைத்து முதல் வெட்டு வரை மட்டும் திருகி, சீறல் நின்ற பிறகு திறங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற எஞ்சினில் ஒரே மூச்சாகக் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும்.

திஞ்சான் நாளில் ஊருக்குள் ஓட்டினால், ஹோஸ் பிடித்து அடிக்கிற தண்ணீர் பானெட் இடுக்கு வழியே, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரில் இறங்கி வண்டி இருமி நின்றுபோகும். காய்ந்த துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் துடைத்துப் போட்டால் கிளம்பிவிடும்.

நாளைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் எதுவரை நிற்கிறது, என்ன நிறம், மூடியில் என்ன எண் என்று பாருங்கள். அப்புறம் ஐடிலில் ஏசி போட்டு, தாள் ஒட்டியதா விழுந்ததா என்று எழுதுங்கள். அதுவரை வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டுவர வேண்டாம்.